கல்லைப் புரட்டியாச்சு, சுவரை எப்போ?

பாஸ்கா ராத்திரி. கோவில் விளக்கெல்லாம் அணைச்சாச்சு. வாசலில் புது நெருப்பு மூட்டி, சாமியார் பாஸ்கா திரியைப் பற்றவைக்கிறார். அந்தத் தீ கை மாறிக் கை மாறி வருகிறது, ஊர்த்தெருக்காரர் திரியிலிருந்து என் திரிக்கும். நெருப்புக்குத் தீட்டு இல்லை.

ஆனால் தவக்காலத்தில் எங்கப்பன் செத்தப்போ, பங்குக் கோவிலின் சவ வண்டி சேரிக்கு வரவில்லை. தோளில்தான் தூக்கிப் போனோம். கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர். அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் நாங்கள். ஒரே ஞானஸ்நானம், ஒரே நற்கருணை, மண்ணு மட்டும் ரெண்டு. கேட்டால், "ஏசு பாடுபடலையா, பொறுமையா இருங்க" என்று உபதேசம். பாடு எங்களுக்கு, உயிர்ப்பு உங்களுக்கா?

பாஸ்கா என்பது என்ன? எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகள் தப்பித்துக் கடலைக் கடந்த கதை. அந்த ராத்திரி வேறு எந்த வாசகத்தை விட்டாலும், விடுதலைப் பயண நூலின் அந்த வாசகத்தை விடக்கூடாது என்பது திருச்சபையே போட்ட சட்டம். வருசா வருசம் வாசிக்கிறீர்கள். நம்ம ஊரில் பார்வோன் யார் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா?

ஏசுவுக்குச் சொந்தக் கல்லறை கிடையாது. குற்றவாளி என்று சிலுவையில் அறைந்து கொல்லப்பட்ட அந்தத் தச்சனுக்கு, பணக்காரரான அரிமத்தியா யோசேப்பு தனக்கென்று வெட்டி வைத்த கல்லறையைக் கொடுத்தார். அவர் தீட்டுப் பார்த்திருந்தால் நீங்கள் கொண்டாடும் காலிக் கல்லறை ஏது?

சுவரை இடிக்க முடியாது என்பது பொய். வடக்கன்குளம் கோவிலுக்குள் சாதிக்காக எழுப்பிய சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. இடிக்க மனசில்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோம். 2008 தவக்காலத்தில், தனிப் பங்கு கேட்ட எறையூர் தலித் கிறித்தவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. அந்த வருசமும் உயிர்ப்பு விழா மணி அடிக்கத்தான் செய்தது.

பெரிய வியாழனன்று எங்க ஆளையும் உட்கார வைத்துக் காலைக் கழுவுகிறீர்கள். எங்க கால் அழுக்கில்லை சாமி. அழுக்கு அந்தச் சுவர்.

இந்த வருசம் புது நெருப்பைக் கோவில் வாசலில் மூட்டாதீர்கள். கல்லறைச் சுவரை இடித்துவிட்டு, அந்த இடத்தில் மூட்டுங்கள். திரியை நீங்கள் கொண்டு வாருங்கள். கடப்பாரையை நாங்கள் கொண்டு வருகிறோம்.