பென்சிலுக்கு எதற்கு பர்மிஷன்?

"சார், இங்க படமெல்லாம் வரையக் கூடாது."

சொன்னவர் எங்கள் அம்பத்தூர் பக்கத்துப் பூங்கா ஒன்றின் காவலாளி. என் பேரன் வயது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை, மேலே இருப்பவர் சொன்னதைச் சொல்கிறார். "ஏன் தம்பி?" என்றேன். "பர்மிஷன் லெட்டர் வேணும் சார்." அந்த நேரத்தில் ஊஞ்சலருகே இரண்டு பெண்கள் செல்போனை நிறுத்திவைத்து ரீல்ஸுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வீடியோ காலில் பூங்கா முழுவதையும் துபாய்க்குக் காட்டிக்கொண்டிருந்தார். கேமராவுக்குத் தடையில்லை, என் 2பி பென்சிலுக்குத்தான் தடை!

நான் 35 வருடம் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். 'பர்மிஷன்' என்ற சொல்லின் ஜாதகமே எனக்குத் தெரியும். வாசல் போர்டைக் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தேன். நாய், சைக்கிள், பந்து, பூப்பறித்தல் எல்லாம் இருக்கிறது. படம் வரைவது இல்லை. விதி இல்லாத இடத்தில், பொறுப்பேற்கப் பயப்படுகிறவர்தான் கடிதம் கேட்பார். நானும் கேட்டிருக்கிறேன், பொய் சொல்லக் கூடாது.

"வீட்டுல உக்காந்து போட்டோவைப் பார்த்து வரையலாமே சார்?" என்கிறார்கள் வாக்கிங் நண்பர்கள். இங்கேதான் எனக்குச் சண்டை.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது ஓவிய வாத்தியார் (முசே என்போம்) இன்றைய பாரதி பூங்காவுக்கு அழைத்துப்போய் ஆயி மண்டபத்தின் எதிரில் உட்காரவைப்பார். உடனே தாளில் கை வைத்தால் குட்டு விழும். "ரெகார்தே!" என்பார், பாருங்கள் என்று அர்த்தம். பத்து நிமிடம் பார்த்த பிறகே பென்சில். தூணின் நிழல் நகர்வதை அங்கேதான் முதன்முதலில் கவனித்தேன். போட்டோவில் நிழல் நகருமா? எதை வரைவது, எதை விடுவது என்று கண் செய்ய வேண்டிய வேலையையும் கேமராவே முடித்துவிடுகிறது.

இது என் கிறுக்கு மட்டுமல்ல. ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரைந்த சில்பி, கோயில் கோயிலாகப் போய்ச் சிலையின் முன் உட்கார்ந்துதான் வரைந்தார். 2007இல் அமெரிக்காவின் சியாட்டிலில் காப்ரியேல் கம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் தொடங்கிய 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. அவர்களின் முதல் கொள்கையே, அந்த இடத்திலேயே இருந்து நேரில் பார்த்து வரைய வேண்டும் என்பதுதான்.

எனக்கு அவசரமும் உண்டு. கண்புரை ஆபரேஷன் ஆகிவிட்டது. சர்க்கரை விழித்திரையையும் தொட ஆரம்பித்திருப்பதாக டாக்டர் சொல்கிறார். அதனால்தான் 73 வயதில் மறுபடி நோட்டைத் திறந்தேன். பூங்காவோ காலை 9 மணிக்குப் பூட்டினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். இருக்கிற கொஞ்ச நேரத்திலும் கடிதம் கேட்டால் எப்படி? பொதுப் பூங்கா பெஞ்சில் ஒரு கிழவன் உட்கார்ந்து மரத்தைப் பார்ப்பதால் யாருக்கு என்ன நஷ்டம்?

பெறுநர், பொருள், பார்வை எல்லாம் போட்டு முறைப்படி கடிதம் கொடுத்தேன். பதில் இல்லை. போன வாரம் நினைவூட்டு ஒன்றும் அனுப்பியாயிற்று. அதுவரை எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே தெரிகிற பூவரச மரத்தை வரைகிறேன். நடுவில் இருக்கிற கம்பிகளையும் சேர்த்துத்தான்.