ஒற்றை நுரையீரலோடு ஊர் திரும்புகிறவர்கள்

மாண்புமிகு தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு பிசியோதெரபியும் வீடு தேடி வருவது அதன் தனிச்சிறப்பு. நுரையீரல் அகற்றப்பட்டவர்களின் வாசலையும் அது மிதிக்க வேண்டும் என்பதே இம்மடலின் கோரிக்கை.

புற்றுநோயானாலும் காசநோய் அரித்துத் தீர்த்த நுரையீரலானாலும், பெரிய அறுவை என்றால் ஓசூர்க்காரர்களுக்கு அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூரு. கிழக்கே இருப்பவர்களுக்கு வேலூர். 1949இலேயே மருத்துவர் ரீவ் பெட்ஸ் நெஞ்சக அறுவைப் பிரிவைத் தொடங்கிய ஊர் அது. அறுவை நடந்துவிடுகிறது. சிக்கல் வீட்டில்தான்.

வலிக்குப் பயந்து இருமலை அடக்கினால் சளி தேங்கும். தேங்கினால் நிமோனியா வரலாம். இருப்பதே ஒரு நுரையீரல், அதிலும் நிமோனியா என்றால்? தலையணையைத் தையல்மேல் அணைத்துக்கொண்டு இருமுவது, அறுத்த பக்கத்துத் தோள் இறுகாமல் கையைத் தூக்கிப் பழகுவது, நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது... எதற்கும் பெரிய இயந்திரம் வேண்டாம். மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஆனால் அதில் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். ஊதிக்கொண்டே இருப்பவரைத் திருத்த ஆள் வேண்டுமே!

1933இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் அறுவை மருத்துவர் எவர்ட்ஸ் கிரகாம் ஒரு மருத்துவரின் இடது நுரையீரலை முழுதாக எடுத்தார். புற்றுநோயிலிருந்து மீண்ட அந்த நோயாளி மேலும் 30 ஆண்டுகள் வாழ்ந்தார். ஒற்றை நுரையீரல் ஆயுளுக்குப் போதும். அதைப் பழக்கத்தான் உதவி தேவை.

இந்தப் பயிற்சிக்காக அஞ்செட்டியிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பெங்களூரு போய்வருவது நடக்கிற காரியமா? சிப்காட்டில் ஒப்பந்தக் கூலியாக நிற்பவருக்குத் தன் கூலியோடு துணைக்கு வருபவரின் கூலியும் போகும். அதனால் பயிற்சியைக் கைவிடுவதுதான் முதல் சிக்கனம்.

வட்டார பிசியோதெரபிஸ்டுகள் பக்கவாதத்திலும் மூட்டுவலியிலும் கை பழகியவர்கள். நெஞ்சகப் பயிற்சி வேறு வித்தை. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியில் ஓசூர், தளி, கெலமங்கலம், சூளகிரி வட்டார பிசியோதெரபிஸ்டுகளுக்கு முதலில் அதைக் கற்றுக்கொடுக்கலாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் கடிகாரமும் இருந்தால் முன்னேற்றத்தை அளக்கும் ஆறு நிமிட நடைச் சோதனையை ஊர்த் தெருவிலேயே செய்யலாம்.

கர்நாடகத்தில் அறுவை முடித்து வருபவரின் பெயர் இங்குள்ள பதிவேட்டில் தானாக ஏறாது. ஓசூர் அரசு மருத்துவமனையில் அதற்கென ஒரு மேசை போடுங்கள்; டிஸ்சார்ஜ் சம்மரியோடு வருபவரின் விவரம் அந்த வாரமே வட்டார பிசியோதெரபிஸ்ட் கைக்குப் போகட்டும். இதைத் தொடங்கிவைக்கத் தங்கள் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.