நிர்மாணத்துறையின் உற்பத்தித்திறன்: அளவிடாமல் உயர்த்த முடியாது

2025 நவம்பர் இறுதியில் நாட்டைத் தாக்கிய டித்வா புயலும் அதனோடு வந்த வெள்ளமும் மண்சரிவுகளும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை வீடற்றோராக்கின. மலையகத் தோட்டக் குடியிருப்புகள் முதல் புத்தளம், மன்னார் கிராமங்கள் வரை மீளக் கட்டப்பட வேண்டியவை ஏராளம். இதற்கான நிதி எங்கிருந்து வரும் என்பது பற்றியே அதிகம் பேசப்படுகின்றது. கிடைக்கும் நிதியைக் கொண்டு எத்தனை வீடுகளை, எவ்வளவு காலத்தில், எத்தகைய தரத்தில் கட்டி முடிக்கலாம் என்ற கேள்வி உரிய கவனத்தைப் பெறவில்லை. அதற்கான விடை நமது நிர்மாணத்துறையின் உற்பத்தித்திறனிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

அத்துறை இன்னமும் பெரும் அடியொன்றிலிருந்து மீண்டு வருகின்றது. பொருளாதார நெருக்கடி உச்சம் பெற்ற 2022 இல் 50 கிலோ சீமெந்துப் பொதியொன்றின் விலை 3,000 ரூபாவை எட்டியது. அவ்வாண்டிலும் 2023 இலும் நிர்மாணத்துறை ஆண்டுதோறும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சுருங்கியது. வேலையிழந்த மேசன்மாரும் தச்சர்களும் கம்பி கட்டுவோரும் வெளிநாடுகளை நாடிச் சென்றனர். எனவே, எஞ்சியிருக்கும் ஆளணியைக் கொண்டு கூடுதலாகச் சாதிக்க வேண்டிய நிலையிலேயே நாம் இருக்கின்றோம்.

இது நமது நாட்டுக்கு மட்டுமுரிய பிரச்சினையன்று. மெக்கின்சி குளோபல் இன்ஸ்டிடியூட் 2017 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அதற்கு முந்திய இரு தசாப்தங்களில் உலகளாவிய நிர்மாணத்துறையின் தொழிலாளர் உற்பத்தித்திறன் ஆண்டொன்றுக்கு ஒரு சதவீதமளவே வளர்ந்துள்ளது. உற்பத்திக் கைத்தொழில்களில் அது 3.6 சதவீதமாகும். தொழிற்சாலையில் பொருள் தொழிலாளியைத் தேடி வருகின்றது. கட்டடத்திலோ தொழிலாளி ஒவ்வொரு முறையும் புதிய இடத்தில், புதிய வரைபடத்துடன், மழையிலும் வெயிலிலும் வேலையைத் தொடங்க வேண்டியுள்ளது. ஆயினும் இது முழுமையான காரணமாகிவிடாது.

வேலை தாமதமானால் முதலில் பழி சுமத்தப்படுபவர் தொழிலாளியே. அப்பழி நியாயமானதா என்பதை அறிய அளவீடு அவசியம். உதாரணமாக, ஒரு மேசனும் ஓர் உதவியாளரும் 8 மணித்தியாலங்கள் வேலைத்தளத்தில் நின்று 8 சதுர மீற்றர் சுவர் எழுப்பினர் எனக் கொள்வோம். இருவருக்குமாக 16 ஆள் மணித்தியாலங்கள். சதுர மீற்றர் ஒன்றுக்கு 2 ஆள் மணித்தியாலங்கள். ஆனால் சீமெந்து வரும் வரை அவர்கள் 3 மணித்தியாலங்கள் காத்திருந்திருப்பின், உண்மையில் வேலை செய்தது 10 ஆள் மணித்தியாலங்களே. அவ்வாறாயின் சதுர மீற்றர் ஒன்றுக்குச் செலவானது 1.25 மாத்திரமே. குறை தொழிலாளியின் கையில் இல்லை. பொருளை நேரத்துக்கு அனுப்பாத முகாமைத்துவத்திலேயே இருக்கின்றது. நாட்குறிப்பேட்டில் இரு தொகைகளையும் எழுதாத வரையில் இந்த உண்மை வெளிவராது.

ஆகவே, செய்த வேலையின் அளவு, அதற்குச் சென்ற ஆள் மணித்தியாலம், காத்திருந்த நேரம், உடைத்துத் திரும்பக் கட்டியவற்றின் அளவு ஆகிய நான்கையும் ஒவ்வொரு வேலைத்தளமும் பதிந்து வர வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கணினி மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் அதை நேர்மையாக நிரப்பும் மேற்பார்வையாளரும் போதும்.

கொடுப்பனவுத் தாமதமும் உற்பத்தித்திறனைத் தின்னும் நோயே. அரசாங்கம் பட்டியல்களுக்குரிய பணத்தை மாதக்கணக்கில் நிலுவையில் வைத்தால் ஒப்பந்தகாரர் பொருள் வாங்க முடியாது. தொழிலாளியோ கூலி கிடைக்கும் வேறிடம் தேடிப் போய்விடுவார். 2012 இல் வடக்கு, கிழக்கில் ஆரம்பமான இந்திய வீட்டுத்திட்டத்தில், பயனாளிகளே தமது வீடுகளைக் கட்டினர். வீடொன்றுக்குரிய 550,000 ரூபா, வேலை முன்னேற முன்னேறக் கட்டங்கட்டமாக அவர்களது வங்கிக் கணக்குக்குச் சென்றது. அத்தொகை போதாமையால் கடன்பட்டோர் பலர் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் வேலையின் கட்டமும் கொடுப்பனவும் ஒன்றையொன்று தொடர்ந்து செல்லும் அம்முறை அரச ஒப்பந்தங்களுக்கும் பாடமாக அமைய வேண்டும்.

மற்றொரு பாடம் அம்பாறை மாவட்டத்திலிருந்து கிடைக்கின்றது. 2004 ஆம் ஆண்டுச் சுனாமியால் பாதிக்கப்பட்டோருக்கென சவூதி அரேபியாவின் உதவியுடன் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. பங்கீடு தொடர்பான சர்ச்சையும் வழக்கும் குறுக்கிட, அவை கட்டி முடிந்தும் பத்தாண்டுகளுக்கு மேலாக உரியவர்களின் கைக்குச் செல்லாது பற்றைக்காடாகின. கல்லையும் கூலியையும் மட்டும் கணக்கிட்டால் அது நிறைவுற்ற திட்டமாகவே தோன்றும். குடும்பமொன்று குடிபுகாத வீட்டில் செலவான உழைப்பு எவ்வளவு திறமையானதாயினும் அது வீணே. காணியும் பயனாளிகளும் தீர்மானமாகாமல் அத்திவாரம் வெட்டும் வழக்கம் இனியாவது கைவிடப்பட வேண்டும்.

சட்டமும் நிறுவனங்களும் நம்மிடம் இல்லாமலில்லை. 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை இயங்குகின்றது. தேசிய உற்பத்தித்திறன் செயலகமும் உண்டு. அரச கேள்விப்பத்திரங்களில் மேற்கூறிய பதிவுகளைக் கட்டாய நிபந்தனையாக்கி, அவற்றைத் தொகுத்து, சிறு ஒப்பந்தகாரரும் விளங்கிக்கொள்ளும் வகையில் தமிழிலும் சிங்களத்திலும் ஆண்டுதோறும் வெளியிடும் பொறுப்பை இவை ஏற்க வேண்டும். அனுபவத்தால் தொழில் கற்ற நமது மேசன்மாரின் திறமையைப் பரீட்சித்து, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் பணியும் கிராமங்கள் வரை செல்ல வேண்டும்.

உற்பத்தித்திறன் என்பது தொழிலாளியை மேலும் வதைத்து வேலை வாங்குவதற்கான மறுபெயராக மாறிவிடக்கூடாது. மிச்சமாகும் நேரத்தின் பயனில் ஒரு பங்கு அவரது கூலியிலும் பாதுகாப்பிலும் தெரிய வேண்டும். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னர் தமது கூரையின் கீழ் உறங்கக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு வீணாகும் ஒவ்வொரு நாளும் பாரமே. அந்நாட்களை எண்ணத் தொடங்குவதே அதிகாரிகள் செய்ய வேண்டிய முதற்பணி என்பதை நாம் வலியுறுத்துகின்றோம்.