பெரட்டிலேயே கொடுங்கள் காதுக்காப்பு

பெல்மதுளைப் பக்கத் தோட்டங்களில் ஒரு வாலிபன் "காது கொய்ங்குனு இரையுது" என்றால், வீட்டார் உடனே கைகாட்டுவது அவனுடைய ஹெட்செட்டைத்தான். அதில் உண்மை உண்டு. பாதுகாப்பற்ற முறையில் கேட்கும் பழக்கத்தாலேயே செவித்திறனை இழக்கும் அபாயத்தில் நூறு கோடிக்கு மேற்பட்ட இளையோர் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. ஆனால் பழியை எல்லாம் போன் மீது போட்டுவிட்டு ஒதுங்குவதை நாம் ஏற்கமாட்டோம். அவன் வேலை செய்யும் இடத்து இரைச்சலுக்கு யார் பொறுப்பு?

2015இல் களைநாசினியான கிளைபோசேட் தடைசெய்யப்பட்டபோது களையெடுக்கப் புல்வெட்டும் மெஷின் போன்ற மாற்றுவழி தேட வேண்டியிருந்தது. தேயிலைக்கும் இறப்பருக்கும் 2018இல் தடை தளர்ந்த பின்னரும் அந்த மெஷின் மலையை விட்டு இறங்கவில்லை. அதைத் தோளில் மாட்டுபவர்கள் பெரும்பாலும் வாலிபர்கள். அதன் ஓசை 95 டெசிபலை எட்டுவது சாதாரணம். 85 டெசிபலில் 8 மணி நேரம் வேலை செய்யலாம்; ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94 டெசிபலில் மிஞ்சுவது ஒரே ஒரு மணி நேரம். காதை மூடாமல் அரைநாள் புல் வெட்டினால் என்ன ஆகும்? மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைக்கும் பம்பியின் அருகில் நிற்பவனுக்கும் இதே கணக்குத்தான்.

உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. வராத ஓசையின் இடத்தை மூளை தானே உண்டாக்கும் ஓசையால் நிரப்புகிறது. லயம் அடங்கிய பிறகுதான் அந்த இரைச்சல் மேலோங்கும்; தூக்கம் போகும். செவிடன் என்று பெயர் வந்துவிடுமோ என்று பலர் வாயே திறப்பதில்லை. இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேரும், அதாவது நாட்சம்பளமும், போய்விடும்.

சட்டத்தைப் பார்த்தால், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குக் கடிவாளம் போட்ட 2007ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்பு அயலவரின் தூக்கத்தைக் காக்கிறது. 1996ஆம் ஆண்டின் ஒலிக்கட்டுப்பாட்டு விதிகள் காணியின் எல்லையில் ஒலியை அளக்கின்றன. எல்லைக்கு உள்ளே மெஷினோடு நிற்பவனின் காது இந்த இரண்டிலும் அகப்படவில்லை.

எனவே கம்பனிகள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் மெஷினைக் கொடுக்கும்போதே காதுக்காப்பையும் கொடுக்க வேண்டும். அது இல்லையென்றால் அன்று மெஷினும் வேண்டாம். ஒரே ஆளை நாள் முழுக்கப் பிடிக்கவிடாமல் ஆள் மாற்ற வேண்டும். செவிப் பரிசோதனைக்குப் போகும் நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த சம்பளப் பேச்சிலேயே இம்மூன்றையும் மேசையில் வைக்கட்டும்.