நீல ஒளியும் முதல் இரவும்



என்னிடம் ஓதும் 13 வயதுச் சிறுவன் ஒருவன், பல் வரிசையைச் சீர் செய்வதற்காகக் கிளிப் போட்டுக்கொண்டு வந்தான். அன்றிரவே ஒரு கல்யாண விருந்தில் எலும்போடு கறியைக் கடித்தான். பல்லில் ஒட்டியிருந்த பிராக்கெட் ஒன்று கழன்று கையோடு வந்துவிட்டது. வாப்பா மருத்துவரை ஏசினார். உம்மா மகனை ஏசினார். குற்றம் யாருடையது? கலைப்பாடம் படித்த எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்டுவிடாதீர்கள். நூல்களைப் புரட்டிப் பார்த்தேன்.

எனாமலைப் பாஸ்பாரிக் அமிலத்தால் சற்றே அரித்துச் சொரசொரப்பாக்கினால் பிசின் நன்கு பற்றும் என்பதை 1955இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவனகோர் வெளியிட்டார். இன்றைய ஒட்டுப்பசை அவ்வழியில் வந்தது. அதில் கேம்பர்குவினோன் என்னும் மஞ்சள் நிறப் பொருள் கலந்திருக்கும். ஏறத்தாழ 470 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி பட்டதும் அது கிளர்ச்சியுற்று, பிசினின் சிறு மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோக்கத் தொடங்குகிறது. சில விநாடிகளில் பசை இறுகுகிறது.

ஆயினும் அது முழு இறுக்கமன்று. உலோகப் பிராக்கெட்டை ஒளி ஊடுருவாது. விளிம்புகளின் வழியாகவும் பல்லினூடாகவும் சிதறி வரும் ஒளியே அடியிலுள்ள பசையை அடைகிறது. விளக்கை அணைத்த பின்னரும் சங்கிலிக் கோப்பு மெல்லத் தொடர்கிறது. முதல் நிமிடங்களில் கிட்டும் பலம் மெல்லிய கம்பியைக் கட்டப் போதுமானது. 24 மணி நேரம் கழிந்த பின்னரோ அது கூடியிருக்கும்.

ஒளியால் இறுகும் கிளாஸ் அயனோமர் சிமெண்டில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவு. ஒளி அதற்கு உடனடிப் பிடிப்பைத் தருகிறது. அமிலமும் கண்ணாடித் தூளும் புரியும் வினையோ நிதானமாக நடந்து பலம் சேர்க்கிறது.

சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 60 முதல் 80 கிலோ வரை தாங்கினால் சிகிச்சைக்குப் போதும் என்பது 1975 முதல் எடுத்தாளப்படும் கணக்கு. பிராக்கெட்டின் அடிப்பாகமோ அதில் ஏறத்தாழ பத்திலொரு பங்குதான்! எலும்பைக் கடிக்கும் தாடைக்கு அது எம்மாத்திரம்?

மருத்துவர் பக்கமும் பிழை நேர்வதுண்டு. ஒட்டுமுன் எச்சில் பட்டிருக்கலாம், விளக்கு ஒளி மங்கியிருக்கலாம், தள்ளிப் பிடித்திருக்கலாம். ஆனால் மற்றவை எல்லாம் உறுதியாக நிற்க, எலும்பில் பட்ட ஒன்று மட்டும் கழன்றதென்றால் நான் எலும்பையே குறை கூறுவேன்.

மறுநாள் பழைய பசையைச் சுரண்டியெடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டினார்கள். அன்றிரவு உம்மா அவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்.