அப்பாவின் ஆர்எக்ஸ்-7: சாவியைத் திருப்பும் முன்...

அமெரிக்காவில் பழைய வீட்டு கராஜைத் திறந்தால், தூசி படிந்த தார்ப்பாய்க்கு அடியில் ஒரு மஸ்டா ஆர்எக்ஸ்-7 நிற்பதுண்டு. 1978-ல் வந்த ஸ்போர்ட்ஸ் கூப்பே. அப்பா ஆசையாக வாங்கியது. அவர் இப்போது இல்லை. வண்டியும் ஓடி வருஷக்கணக்காகிவிட்டது. விற்பதா, ஓட வைப்பதா?

புது பேட்டரி போட்டு உடனே சாவியைத் திருப்பத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்க! இதில் பிஸ்டனே கிடையாது. 1,146 சிசி இன்ஜினுக்குள் இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழல்கின்றன. ஒவ்வொன்றின் மூன்று முனைகளிலும் 'ஏபெக்ஸ் சீல்' என்ற மெல்லிய பட்டைகள். நின்றே கிடந்தால் கரி பிடித்து அவை இறுகிவிடும். பழைய பெட்ரோலோ பிசின் மாதிரி ஆகி கார்புரேட்டரை அடைத்திருக்கும்.

அதனால் முதலில் டேங்கைக் காலி செய்யணும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே கொஞ்சம் எண்ணெய் விட்டு, இன்ஜினைக் கையாலேயே மெதுவாகச் சுற்றிப் பார்க்கணும். சுற்றுகிறதா? அடுத்து கம்ப்ரஷன் டெஸ்ட். ஒரு ரோட்டருக்கு மூன்று துடிப்பு. மூன்றும் ஒரே அளவில் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. ஒன்று தொய்ந்தால் சீல் போயிருக்கலாம். இன்ஜினைப் பிரித்தாக வேண்டும்.

அந்தச் செலவைக் கேட்டதும், 'பேசாமல் வி8 இன்ஜினைத் தூக்கி வை' என்பவர்கள் அங்கே நிறைய. வேகம் கிடைக்கும். அப்பா ரசித்த அந்த ரீங்காரம் போய்விடும்.

இதற்கெல்லாம் முன்னால், குனிந்து தரைத்தகட்டைப் பாருங்க. துரு அரித்த பாடிக்குள் எந்த இன்ஜினை வைத்தும் பலனில்லை. பார்ட்ஸுக்கு விற்பதே மேல். பாடி கெட்டியாக இருந்தால், பிரேக்குக்கும் டயருக்கும் முதலில் காசு எடுத்து வையுங்க.