தூசியில் எட்டு எழுத்து

இருட்டுச் சுரங்கம். முன்னால் ஒரு ஓநாய், பின்னால் ஒரு ஓநாய். உடம்பில் உயிர் ஊசலாடுகிறது. பையில் மருந்து காலி. என்ன செய்வீர்கள்?

குனிந்து, தரைத் தூசியில் விரலால் 'எல்பெரெத்' என்று எழுத வேண்டும். அவ்வளவுதான். ஓநாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கிவிடும்.

பயப்படாதீர்கள், இது நெட்ஹேக் என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டு. 1982-ல் ஜே ஃபென்லாசன் என்ற அமெரிக்க மாணவரும் அவருடைய சிநேகிதர்களும் எழுதிய 'ஹேக்'கின் வாரிசு. 1987-ல் வந்தது, இன்றும் இலவசம். படமா, பாட்டா, ஒன்றும் கிடையாது. திரை முழுக்க எழுத்துகள். நாய், ஓநாய் வகையறாவுக்குச் சின்ன 'டி'. டிராகனுக்குப் பெரிய 'டி'. நீங்கள்? ஈமெயில் முகவரி நடுவில் உட்கார்ந்திருக்குமே ஒரு சுழி, அதுதான் நீங்கள்.

செத்தால் செத்ததுதான். மறுபடி முதல் தளத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போகிற வழிக்கு ஒரு கல்லறை வரைந்து காட்டுவார்கள். பெயர், கையிருப்புத் தங்கம், எதனால் மரணம், எந்த வருடம். நான் பி.காம். இவ்வளவு சுருக்கமான ஐந்தொகையை எந்த ஆடிட்டரும் போட்டு நான் பார்த்ததில்லை.

சரி, எல்பெரெத் யார்? டோல்கீன் கதைகளில் நட்சத்திரங்களை ஏற்றி வைத்த தேவி. 1954-ல் வந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முதல் பாகத்தில், கறுப்பு அங்கிக்காரர்கள் சூழ்ந்துகொள்ளும்போது ஃப்ரோடோ அவள் பெயரைச் சொல்லிக் கத்துவான். இவன் வீசின கத்தியைவிட அந்தப் பெயர்தான் எதிரிக்கு அதிகம் வலித்தது என்று பிற்பாடு அரகார்ன் சொல்வான். புரோகிராம் எழுதியவர்கள் அந்தப் பெயரைத் தூக்கித் தரையில் போட்டுவிட்டார்கள்.

காப்பு என்றால் ஷரத்து இல்லாமலா? இன்ஷூரன்ஸ் பாலிசியின் பின்பக்கம் மாதிரி நிறைய இருக்கிறது.

ஒன்று, கண் தெரியாத ஜந்துக்கு இது பலிக்காது. நியாயம்தானே, படித்தால்தானே பயப்படும்? இரண்டு, மாட்டுத் தலை மினோட்டார் மதிக்காது. மூன்று, தூரத்தில் நின்று அம்பு விடுகிறவனை எழுத்து தடுக்காது. நான்கு, இங்கிலீஷில் அது எட்டு எழுத்து. விரலால் எழுதும்போது ஒவ்வொரு எழுத்தும் கோணிக்கொள்ள 25-ல் ஒரு வாய்ப்பு. கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன். 100 தடவை எழுதினால் சுமார் 72 தடவைதான் சரியாக வரும். ஒரு எழுத்து பிசகினாலும் செல்லாது, கையெழுத்து மாறின செக் மாதிரி.

ஐந்தாவதுதான் முக்கியம். மனிதர்களிடம் இது பலிக்காது. கடைக்காரரிடம் பாக்கி வைத்துவிட்டு எல்பெரெத் எழுதினால், அவர் அதன் மேலேயே ஏறி வந்து உதைப்பார். மற்ற ஜந்துக்களில் பெரும்பாலானவற்றுக்கு வேறு எழுத்து. மனிதர்களுக்கோ உங்களுக்குப் போட்ட அதே சுழி. டிராகனை நிறுத்துகிற எழுத்து நம்ம ஜாதியை நிறுத்தாது!

எனக்கு ஒரு நண்பர். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற உத்தியோகம். நெட்ஹேக்கில் பழம் தின்று கொட்டை போட்டவர். 2003-ல் வந்த 3.4.3 பதிப்புதான் அவருக்கு ராமராஜ்யம். அதில் ஒரு சௌகரியம் உண்டு. நெருப்புக் கோலோ மின்னல் கோலோ கிடைத்தால் தரையில் எல்பெரெத்தைச் சுட்டே பொறிக்கலாம். மின்னல் கோல் கொஞ்ச நேரம் கண்ணைக் கட்டும், பரவாயில்லை. பொறித்தது அழியாது. அதன் மேல் நின்றுகொண்டு வருகிறவனையெல்லாம் நிதானமாக அடிக்கலாம்.

2015-ல் 3.6 பதிப்பு வந்தது. நண்பர் வாழ்க்கையில் இடி. எழுத்தின் மேல் நின்றபடி நீங்கள் ஒருவனைத் தாக்கினால், சுட்டுப் பொறித்ததுகூட அழிந்துவிடும். சும்மா நின்றாலும், ஒரு ஜந்து பயந்து ஒதுங்கும் ஒவ்வொரு தடவையும் அழிய ஏழில் ஒரு வாய்ப்பு.

"இது அக்கிரமம்யா. பென்ஷனைப் பிடுங்கின மாதிரி" என்றார்.

"பென்ஷன் வாங்கிக்கிட்டே கத்தி வீசறது மட்டும் நியாயமா?" என்றேன்.

"உனக்கென்ன, ஃப்ரீலான்ஸ். உனக்கு எல்லாமே தூசிதான்."

வாஸ்தவம். ஒரு கட்டுரைக்கு வருகிற செக் இரண்டு வாரம் தாங்கும். அப்புறம் மறுபடி குனிந்து எழுத வேண்டும். அதனால்தான் எனக்குப் புதிய சட்டம் பிடித்திருக்கிறது. எல்பெரெத் குடியிருக்கிற வீடு இல்லை, மூச்சு வாங்குகிற திண்ணை. அந்த நாலு நிமிஷத்தில் காயம் ஆறலாம், பையைக் குடைந்து ஏதாவது கிடைக்கிறதா என்று பார்க்கலாம், மாடிப்படி எந்தப் பக்கம் என்று யோசிக்கலாம். பிறகு இறங்கி நடக்க வேண்டும். அங்கேயே உட்கார்ந்துவிட்டால் ஓநாய் போனாலும் பசி வரும். இந்த விளையாட்டில் பட்டினியாலும் சாகலாம். கல்லறையில் அதையும் எழுதுவார்கள்.

நண்பர் இன்னும் 3.4.3-லேயே ஆடிக்கொண்டிருக்கிறார். வேறு வேலை தேடப் போவதாக மட்டும் ஆறு வருஷமாகச் சொல்லி வருகிறார்.

நீங்கள் ஆட ஆரம்பித்தால் ஒரே ஒரு யோசனை. எழுதி முடித்ததும் காலடியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை படித்துப் பார்த்துவிடுங்கள். 28 பேர் படிப்பதற்கு முன்பே தைரியமாகிவிடுகிறார்கள்.